பாங்காக்கில் கால் மசாஜ்: எனக்குக் கூச்சம், அம்மாவுக்குச் சர்க்கரை. போகலாமா?

அரைத்தூக்கம்:

அடுத்த மாதம் நான், மனைவி, அம்மா மூவரும் தாய்லாந்து போகிறோம். பாங்காக்கில் ஐந்து நாள், சியாங் மாயில் மூன்று நாள். டிக்கெட், ஹோட்டல் எல்லாம் முடிந்துவிட்டது, இப்போது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே பேச்சு கால் மசாஜ்தான். அம்மா ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், அதில் ஆட்கள் கண்ணை மூடிக் கிடக்கிறார்கள், எதிரே முக்காலியில் உட்கார்ந்து பெண்கள் காலைப் பிசைகிறார்கள். "இதைப் பண்ணாம திரும்பி வந்தா போனதே தண்டம்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

என் பிரச்சினை வேறு. எனக்கு உள்ளங்காலில் இருப்பது சாதாரணக் கூச்சம் இல்லை. ஒருமுறை காலில் குத்திய முள்ளை எடுக்க வந்த நர்ஸை உதைத்திருக்கிறேன், வேண்டுமென்று இல்லை, கால் தானாகப் போய்விட்டது. யாரோ ஒரு மணி நேரம் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதை நினைத்தால் இதை எழுதும்போதே விரல்கள் மடங்குகின்றன. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். அந்த வீடியோவில் இருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வயதில் மூத்தவர் நம் காலைத் தொடுவதா என்று மனசு ஒப்பவில்லை. காசு கொடுத்துத்தானே செய்துகொள்கிறோம் என்கிறாள் மனைவி, எனக்கு அதுதான் இன்னும் சங்கடமாக இருக்கிறது.

அம்மாவுக்கு 63 வயது. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம், மாத்திரைதான், ஊசி இல்லை. சில நேரம் "பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு" என்பார். அதற்கு இந்த மசாஜ் ரொம்ப நல்லது என்று யாரோ அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். உண்மையா?

நல்ல கடை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எவ்வளவு கேட்பார்கள், டிப்ஸ் உண்டா, அம்மாவையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு போகிற மாதிரி இடம்தானா, எல்லாம் சொல்லுங்கள். ஆபீஸில் பாங்காக், மசாஜ் என்று இரண்டு வார்த்தை சொன்னதுமே எல்லோரும் ஒரு மாதிரி சிரித்தார்கள், அதனால் கேட்கிறேன்.

பழைய சைக்கிள்:

ஒன்பது வருடம் பாங்காக்கில் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆபீஸ் சிரிப்புக்குப் பதில். கால் மசாஜ் கடை பெரும்பாலும் தெருவைப் பார்த்த கண்ணாடிக் கடை. நீங்கள் உள்ளே சாய்ந்திருப்பது சாலையில் போகிற எல்லோருக்கும் தெரியும். பாட்டியும் பேத்தியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள், ஸ்கூல் விட்டு வந்த ஓனர் வீட்டுப் பையன் மூலையில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருப்பான். கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி, வாசலில் விலைப் பலகை இல்லாமல், கையைப் பிடித்து இழுக்கிற குறையாகக் கூப்பிடுகிற இடம் என்றால் நடையைக் கட்டிவிடுங்கள். 2016இல் வந்த சட்டப்படி மசாஜ் கடைக்கு உரிமம் வேண்டும், அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். எழுத்து தாய்லாந்து மொழியில்தான் இருக்கும், நமக்குப் படிக்க வராது, ஆனாலும் பிரேம் போட்டுக் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டிவைத்திருக்கிற கடைக்கு ஒரு மரியாதை உண்டு.

விலை ஒரு மணி நேரத்துக்கு 250 முதல் 400 பாட் வரை, தெருவைப் பொறுத்து. மாலுக்குள்ளேயும் ஹோட்டலுக்குள்ளேயும் இதைவிடப் பல மடங்கு கேட்பார்கள், பிசைகிற கை என்னவோ ஒன்றுதான். சியாங் மாயில் கொஞ்சம் குறையும். அரை மணி நேரமும் உண்டு, ஆனால் அரை மணியில் ஒரு கால்தான் ஒழுங்காக நடக்கும், இன்னொரு காலுக்கு அவசர கதி. முதல் தடவை என்றாலும் ஒரு மணி நேரமே எடுங்கள்.

நடைமுறை இதுதான். செருப்பை வெளியே விட வேண்டும். ஒரு தொட்டியில் காலை வைத்துக் கழுவிவிடுவார்கள், சில இடத்தில் உப்பு போட்டுத் தேய்ப்பார்கள். பேன்ட்டை முழங்காலுக்கு மேலே ஏற்ற முடியாவிட்டால் தொளதொள என்று ஒரு கால்சட்டை கொடுப்பார்கள். நாற்காலியில் சாய்ந்ததும் துண்டால் இரண்டு காலையும் பொட்டலம் மாதிரி சுற்றிவிட்டு ஒவ்வொன்றாக அவிழ்ப்பார்கள். பாதத்தோடு நிற்காது, முழங்கால் வரைக்கும் போகும், ஆடுசதையில்தான் உண்மையான வேலையே. நடுவில் பென்சிலைவிடக் கொஞ்சம் தடிமனாக ஒரு மரக்குச்சி வரும், அதன் மொட்டையான முனையால் உள்ளங்காலில் குத்தி அழுத்துவார்கள். கடைசி ஐந்து பத்து நிமிடம் தோள், கழுத்து, முதுகில் நாலு தட்டு. கழுத்தைப் பிடித்து 'டக்' என்று திருப்ப வந்தால் மட்டும் வேண்டாம் என்று கையைக் காட்டிவிடுங்கள். எனக்கு அதில் எப்போதுமே நம்பிக்கை கிடையாது.

இனி தாய்லாந்து மொழி வார்த்தைகள். "பாவ் பாவ்" என்றால் மெதுவாக. "நக் நக்" என்றால் இன்னும் அழுத்தி. "ஜெப்" என்றால் வலிக்கிறது. உங்களுக்கு ரொம்ப வேண்டியது "ஜக்கஜீ", அதாவது கூச்சமாக இருக்கிறது. சொன்னவுடனே அந்த அம்மா சிரிப்பார், பக்கத்து அம்மாவுக்கும் சொல்வார், கடையே சிரிக்கும், ஆனால் கை மாறிவிடும். லேசாக வருடினால்தான் கூசும், கட்டை விரலை அழுத்தி வைத்தால் கூச்சம் போய்விடும் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

மூத்தவர் காலைத் தொடுகிற விஷயம். தாய்லாந்தில் பாதம் உடம்பிலேயே தாழ்ந்த உறுப்பு, தலை உயர்ந்தது, யாரையும் பார்த்துக் காலை நீட்டி உட்காரக்கூடாது. அதே ஊரில் இது ஒரு கௌரவமான தொழில். தொடங்குவதற்கு முன் சிலர் கையைக் கூப்பி ஒரு நொடி கண்ணை மூடுவார்கள். நம்மைக் கும்பிடுகிறார்கள் என்று நினைத்து நானும் பதிலுக்குக் கும்பிட்டேன், முதல் வருடம் முழுக்க. அது தங்கள் குருவுக்கும் ஜீவகருக்கும் செய்கிற வணக்கமாம். புத்தருக்கு வைத்தியம் பார்த்தவரே அந்த ஜீவகர், தாய்லாந்து மருத்துவத்துக்கு அவரைத்தான் தந்தை என்பார்கள்.

அவர்களும் நம்மைப் போல முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். நம்மைவிடச் சற்று மூத்தவர் என்றால் ஒரு வார்த்தை, அம்மாவைவிட மூத்தவர் என்றால் "பா", அதாவது பெரியம்மா. அந்த முதல் வார்த்தையைத் தமிழில் எழுதினால் விபரீதமாகிவிடும், 'ப'வுக்கு ஈகாரம் போட்டுப் பாருங்கள் புரியும். அக்காவை அப்படிக் கூப்பிட எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

டிப்ஸ் கட்டாயம் இல்லை, ஆனால் கொடுங்கள். பல கடைகளில் மாதச் சம்பளம் கிடையாது, செய்த மணிக்கு ஒரு பங்குதான், ஆள் வராத நாளில் ஒன்றும் இல்லை. 50 அல்லது 100 பாட் நோட்டாக அவர் கையிலேயே கொடுங்கள். சில்லறைக் காசைப் பொறுக்கிக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல்.

தேன்சிட்டு:

மற்றதெல்லாம் பழைய சைக்கிள் சொல்லிவிட்டார். நான் அம்மா விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்புப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் கறாராகத்தான் எழுதுவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"பஞ்சு மேல நடக்குற மாதிரி" என்று அவர் சொல்வதை நாங்கள் வாரத்தில் பத்துப் பேரிடம் கேட்கிறோம். பாத நரம்பின் உணர்வு குறைகிறது என்பதற்கு அது பழைய அடையாளம். பயணத்துக்கு முன்னால் டாக்டரிடம் காட்டிப் பாத உணர்வுச் சோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் சில இடங்களில் வளையும்வரை அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள். இரண்டு நிமிட வேலை, வலிக்காது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மசாஜில் பாதுகாப்பே வாடிக்கையாளரின் வாய்தான். வலித்தால் "ஜெப்" என்று சொல்லலாம் என்றார் இல்லையா, அம்மாவுக்கு வலித்தாலே தெரியாதே. குச்சி அழுத்திய இடத்தில் தோல் கன்றிப்போனாலும் தெரியாது, தொட்டித் தண்ணீர் சுட்டாலும் தெரியாது. அன்று இரவு ஒன்றும் இருக்காது, நாலு நாள் கழித்துச் சாக்ஸில் ஈரம் பார்த்துத்தான் புண் என்று தெரியும். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். மசாஜ் செய்தால் மரத்துப்போன உணர்வு திரும்பிவிடும் என்பதை நம்ப வேண்டாம். உணர்வு நன்றாக இருக்கிறது, புண் வெடிப்பு எதுவும் இல்லை, டாக்டரும் சரி என்கிறார் என்றால் குச்சி இல்லாமல், வெந்நீர் இல்லாமல், மெதுவாகச் செய்துகொள்ளலாம். இல்லையென்றால் அம்மாவுக்குத் தோளும் கையும் மட்டும். அதற்கும் அந்தக் கடைகளிலேயே ஆள் உண்டு.

கடையில் சொல்ல ஒரு வார்த்தை: சர்க்கரை நோய்க்குத் தாய்லாந்து மொழியில் "பாவ் வான்". நம் மதுமேகம் மாதிரியே, இனிப்பான சிறுநீர் என்பதுதான் பொருள். அதைச் சொன்னால் விவரம் தெரிந்தவர்கள் அவர்களே குச்சியை ஓரமாக வைத்துவிடுவார்கள்.

இதோடு இன்னொன்று, இது மூவருக்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்கார்ந்து வந்தால் காலில் ரத்தம் உறைய வாய்ப்புக் கொஞ்சம் கூடும். இரண்டு பாதமும் ஒரே மாதிரி லேசாக வீங்குவது சகஜம், நடந்தால் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் மசாஜ் கடைக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உறைந்த கட்டியைப் பிசைந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், புடைத்த நரம்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

அம்மாவைக் கோயில்களுக்குக் கூட்டிப்போகும்போது தடிமனான சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். மதியம் கல் தரையில் வெறுங்காலோடு நடந்து பாதம் வெந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்விக்குறி:

எல்லோரும் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். கடைச் சுவரில் பாதத்தின் படம் ஒன்று தொங்கும், கட்டை விரல் மூளை, நடுவில் சிறுநீரகம், குதிகாலில் வேறு ஏதோ என்று கலர் கலராக. போன வருடம் எனக்குச் செய்த ஆள் ஒரு இடத்தை அழுத்தினார், நான் துள்ளினேன், உடனே படத்தைக் காட்டி "கல்லீரல், கல்லீரல்" என்றார். அடுத்த மூன்று நாள் என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஊருக்கு வந்ததும் டெஸ்ட் எடுத்தேன், கல்லீரலுக்கு ஒன்றும் இல்லை. அன்று வாட் போ கோயிலில் ஆரம்பித்து பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்திருந்தேன், பாதம் வலிக்காமல் என்ன செய்யும்?

இது ஆதிகாலத்துக் கிழக்கத்திய ரகசியம் என்பார்கள். இன்று சுவரில் தொங்குகிற படத்தின் வரலாறு அப்படி இல்லை. 1910களில் அமெரிக்காவில் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற காது மூக்கு தொண்டை டாக்டர் உடம்பை நெடுக்குவாக்கில் பத்துப் பட்டைகளாகப் பிரித்து ஒரு சிகிச்சை சொன்னார். 1930களில் யூனிஸ் இங்கம் என்ற பெண்மணி, அவரும் அமெரிக்கர்தான், அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்து உறுப்புகளுக்கு இடம் ஒதுக்கினார். அப்புறம் தைவானில் இருந்த ஜோசப் ஆய்க்ஸ்டர் என்ற சுவிஸ் நாட்டுப் பாதிரியார், தன் முழங்கால் வலிக்கு அதைச் செய்துபார்த்துவிட்டு 1980 வாக்கில் ஊரெல்லாம் பரப்பினார். அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பா போய், ஒரு பாதிரியார் மூலமாக ஆசியாவுக்கு வந்த சரக்கை ஆசியாவின் பழம்பெரும் கலை என்று நாம் வாங்குகிறோம். பாதத்தைப் பார்த்து உள்ளுறுப்பு நோயைக் கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது.

சுகமாக இருக்கிறதா என்றால் இருக்கிறது, நானே ஐந்து நாளில் நான்கு தடவை போனேன்.

பழைய சைக்கிள்:

கேள்விக்குறி சொன்ன படத்தின் கதை சரி, ஆனால் படம் வேறு, தாய்லாந்து மசாஜ் வேறு. நுவட் தாய் என்கிற முழு உடம்பு மசாஜ் கிராமத்துச் சமாச்சாரம். வயலில் வேலை செய்து உடம்பு வலித்தால் ஊரில் அதற்கென்று இருந்தவரிடம் போவார்கள். அது 2019இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதில் "சென்" என்று பத்துக் கோடுகள் உண்டு, உடம்பு முழுக்க ஓடுவதாகச் சொல்வார்கள். மூன்றாம் ராமா மன்னர் 1830களில் வாட் போ கோயிலைப் புதுப்பித்தபோது மருத்துவ அறிவையெல்லாம் கல்லில் வெட்டி வைக்கச் சொன்னார், அதில் மசாஜுக்கு மட்டும் அறுபது பலகைகள், மனித உருவம் வரைந்து எங்கே அழுத்த வேண்டும் என்று குறித்திருக்கும். காகிதத்தில் எழுதினால் ஒருவர் வீட்டில் பூட்டி வைத்துக்கொள்வார், கோயில் சுவரில் இருந்தால் யாரும் பார்க்கலாம் இல்லையா. அங்கேயே 1955இல் மசாஜ் பள்ளியும் தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது. கால் மசாஜ் கடையில் நமக்குச் செய்வது இந்த இரண்டும் கலந்தது, ஆடுசதையில் தாய்லாந்துக் கை, உள்ளங்காலில் அந்தக் கலர் படம்.

குட்டித்தீவு:

நான் பட்டதைச் சொல்கிறேன், என்னை மாதிரி வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்.

தனியாகப் போயிருந்தேன், இரவு பத்து மணி, சுற்றுலாக் கூட்டம் அதிகமான தெரு, இருப்பதிலேயே விலை குறைவாகப் பலகை வைத்திருந்த கடை. செய்த பெண் ஒரு கையால் போனில் யாருக்கோ மெசேஜ் அனுப்பிக்கொண்டே இன்னொரு கையால் அழுத்தினார். ஐந்தாவது நிமிடமே வலித்தது. வலித்தால்தான் வேலை செய்கிறது என்று எங்கேயோ படித்த ஞாபகம், பல்லைக் கடித்துக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு இருக்கிறதே, சதையே இல்லாத இடம், அதில் குச்சியை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். மறுநாள் காலை இரண்டு கணுக்காலுக்கு மேலும் நீலம். மூன்று நாள் படிக்கட்டு இறங்க முடியவில்லை.

ஊருக்கு வந்தபிறகு யோசித்துப் பார்த்தால் அந்தப் பெண்ணைவிட எனக்கு என் மேல்தான் எரிச்சல். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். அடுத்த பயணத்தில் வேறு கடையில் உட்கார்ந்ததுமே "பாவ் பாவ் கா" என்றேன், ராஜமரியாதை. (பெண்கள் கடைசியில் "கா" சேர்க்க வேண்டும், ஆண்கள் "க்ரப்".) நல்ல வலி எது கெட்ட வலி எது என்று எனக்கு இப்போது ஒரு கணக்கு உண்டு. அழுத்தும்போது மூச்சை வெளியே விட முடிந்தால் நல்ல வலி. மூச்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பிடிக்கிறோம் என்றால் சொல்லிவிட வேண்டும்.

பக்கத்துக் கண்ணாடித் தொட்டியில் குட்டி மீன்கள் காலைக் கடிக்கிற சமாச்சாரமும் இருக்கும், அம்மாவைத் தப்பித் தவறியும் அதில் விடாதீர்கள். ஒருத்தர் கால் வைத்த தண்ணீரில் அடுத்தவர் வைக்கிறார், மீனைக் கிருமிநாசினியில் முக்கி எடுக்க முடியாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் அதற்குத் தடையே இருக்கிறது.

நடைவண்டி:

சியாங் மாய் போகிறீர்கள் என்றால் அங்கே பெண்கள் சிறையின் தொழிற்பயிற்சி மையம் ஒன்று மசாஜ் நடத்துகிறது. விடுதலை நெருங்கிய கைதிகள் பயிற்சி பெற்றுச் செய்கிறார்கள், கிடைப்பதில் அவர்களுக்கும் பங்கு சேர்த்துவைத்து வெளியே போகும்போது கொடுக்கிறார்கள். நான் கொஞ்சம் தயங்கித்தான் போனேன். தாய்லாந்தில் நான் செய்துகொண்டதிலேயே கவனமான கை அதுதான், பேச்சில்லை, போன் இல்லை. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ப் பெயர் கொடுத்து நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அரைத்தூக்கம்:

எல்லோருக்கும் நன்றி. பாங்காக்கிலிருந்துதான் எழுதுகிறேன், நாலாவது நாள்.

தேன்சிட்டு அக்காவுக்கு முதல் நன்றி. கிளம்புவதற்கு முன் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனோம். அந்த நைலான் இழையை வைத்து அழுத்தினார், அம்மா கண்ணை மூடிக்கொண்டு "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தார், வலது பாதத்தில் மூன்று இடத்தில் "ம்" வரவில்லை. டாக்டர் அழுத்தியதே அவருக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்து "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார் பாருங்கள், எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பன்னிரண்டு வருடமாக யாரும் அந்தச் சோதனை செய்ததில்லை. கால் மசாஜ் கூடாது, தோளுக்குச் செய்யலாம் என்றார், செருப்பையும் மாற்றச் சொன்னார்.

முதல் நாள் வாட் போ. அம்மா சாக்ஸோடு நடந்தார். சயன புத்தர் 46 மீட்டர் நீளம் என்று படித்திருந்தேன், ஆனால் உள்ளே போனால் தூண்களுக்கு நடுவில் துண்டு துண்டாகத்தான் தெரிகிறார், முழுசாகப் பார்க்க முடிவதே இல்லை. கடைசியில் பாதத்துக்கு வந்தோம். என்னைவிட உயரமான இரண்டு உள்ளங்கால், முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். அம்மா அங்கேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டார். "இவருக்கும் இங்க உணர்ச்சி இருக்காது" என்றார். சிரித்தோம், அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் ஹோட்டலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கடை. கண்ணாடி பளிச்சென்று இருந்தது, சுவரில் சான்றிதழ், 300 பாட். மூன்று நாற்காலி கேட்டோம். அம்மாவைக் காட்டி "பாவ் வான்" என்றேன், நான் சொன்ன அழகில் அவர்களுக்கு "பாவ் பாவ்" என்று கேட்டிருக்கிறது, சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தொட்டியை அம்மா பக்கம் தள்ளினார்கள். என் மனைவி போனில் எழுதிக் காட்டியபிறகுதான் புரிந்தது. உடனே ஓனர் அம்மாவே வந்து தொட்டியை எடுத்துவிட்டு, அம்மாவின் தோளைப் பிடித்து "ஓகே? ஓகே?" என்றார். அதனால் யாராவது போனால் அந்த வார்த்தையை வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் காட்டுங்கள்.

எனக்கு வந்தவருக்கு அம்மா வயது இருக்கும். பயந்த மாதிரியே கழுவும்போது கூசித் துள்ளி, தண்ணீர் அவர் சட்டையில் தெறித்தது. "ஜக்கஜீ, ஜக்கஜீ" என்று கத்தினேன். பழைய சைக்கிள் அண்ணா, கடையே சிரிக்கும் என்றீர்கள், பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு வயதான ஜப்பானியர்கூடச் சிரித்தார். அதற்கப்புறம் அந்த அம்மா செய்தது விநோதம். என் வலது கையைப் பிடித்து இழுத்து என் பாதத்தின் மேலேயே வைத்து, அதற்கு மேல் தன் கையை வைத்து அழுத்தினார். கூசவே இல்லை. கொஞ்ச நேரத்தில் என் கையை விலக்கிவிட்டார், எப்போது விலக்கினார் என்று எனக்குத் தெரியாது.

குச்சி வந்ததும் ஒருமுறை "ஜெப்" என்றேன், உடனே குறைத்தார். குட்டித்தீவு சொன்ன மூச்சுக் கணக்கு சரியாகவே இருந்தது. ஆடுசதைக்கு வந்தபோது நான் தூங்கிவிட்டேன், அதாவது நான் கொடுத்த 300 பாட்டில் குறைந்தது 120 பாட்டுக்கு என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. குறட்டை விட்டதாக மனைவி வீடியோ வைத்திருக்கிறாள்.

மூத்தவர் காலைத் தொடுகிற சங்கடம் போய்விட்டதா என்றால் முழுசாகப் போகவில்லை. ஆனால் அவர் அதை ஒரு வேலையாக, கைத்தொழிலாகச் செய்தார், நடுநடுவே ஓனரோடு ஏதோ வாக்குவாதம், ஒருமுறை என் காலை மடியில் வைத்துக்கொண்டே எழுந்து ஃபேனைத் திருப்பப் பார்த்தார். நான் மட்டும்தான் அங்கே அதைப் பெரிய விஷயமாக நினைத்துக்கொண்டிருந்தேன் போல. "பா" என்று கூப்பிட்டேன். திருத்தினார், தான் அவ்வளவு கிழவி இல்லை என்று, அந்த இன்னொரு வார்த்தையைச் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு நானும் மனைவியும் சிரித்த சிரிப்புக்குக் காரணத்தை யாரிடமும் விளக்க முடியவில்லை.

அம்மாதான் கதாநாயகி. தோளுக்கு மட்டும் என்று உட்கார்ந்தவர், பத்து நிமிடத்தில் தமிழிலேயே உத்தரவு போட ஆரம்பித்துவிட்டார். "இன்னும் கொஞ்சம் கீழ, ஆங், அங்கதான்." அந்தப் பெண்ணும் தாய்லாந்து மொழியில் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே சரியான இடத்தில் கையை வைத்தார். முடிந்ததும் சின்னக் கோப்பையில் சூடாக ஒன்று கொடுத்தார்கள், அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு "இது வில்வம்" என்றார். கேட்டால் வில்வக்காயைக் காயவைத்து வேகவைத்த தண்ணீரேதான், "மத்தூம்" என்கிறார்கள். இனிப்புப் போட்டிருந்தார்கள், அதனால் மீதியை நான் குடித்தேன்.

நூறு நூறாக மூவருக்கும் டிப்ஸ் கொடுத்தோம், அம்மா தன் பங்குக்குத் தனியாக ஒரு நூறைச் சுருட்டி அந்தப் பெண் கையில் வைத்து மூடினார். நேற்றும் போனோம், அதே நாற்காலிகள்.

நாளை இரவு ரயிலில் சியாங் மாய். நடைவண்டி, அந்தச் சிறை மையத்தில் தோளுக்கு மட்டும் செய்வார்களா, தெரியுமா? அம்மா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நடைவண்டி:

நான் போனபோது கால், முழு உடம்பு இரண்டும்தான் பலகையில் பார்த்தேன். முழு உடம்பு எடுத்துக்கொண்டு கால் வேண்டாம் என்று எழுதிக் காட்டுங்கள். வாயால் சொல்ல வேண்டாம், உங்கள் தாய்லாந்து மொழி எப்படி என்று இப்போது எங்களுக்கெல்லாம் தெரியும்.

தேன்சிட்டு:

தினமும் பார்க்கிற மாதிரி இரவு ரயிலிலும் அம்மா பாதத்தைப் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. புதுச் செருப்பு வேறு. அப்புறம் அந்தக் குறட்டை வீடியோவைப் போடுங்கள்.